பியானோ சும்மா இருக்க வேண்டிய இடம்

செக் நாட்டின் ப்ருனோ நகரத்து நாடக அரங்கில், மேடைக்குக் கீழே இருக்கும் வாத்தியக் குழியில் லுபோர் இருபத்தேழு வருஷம் வியோலா வாசித்தார். உச்சக்குரல் வயலினுக்கும் அடிக்குரல் செல்லோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வாத்தியம் அது. தனியாக அதைக் காதுகொடுத்துக் கேட்டவர் யார்? "லுபோர் இன்னைக்கு லீவா? வித்தியாசமே தெரியலையே," என்று ட்ரம்பெட்காரர்கள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிண்டலடிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். வீட்டிலும் இதே கதைதான். அண்ணன் விலேம் பெயர்பெற்ற செல்லோ கலைஞர்.

விலேம் இறந்து இரண்டு வருஷம் ஆனபோது, ஒரே ஒருமுறை மேடை நடுவில் நின்றுவிட வேண்டும் என்று லுபோருக்கு வெறி பிடித்தது. செல்லோவுக்கென்று எழுதி, பிறகு வியோலாவுக்கு மாற்றிய ஒரு பழைய சொனாட்டாவை எடுத்தார். மனுஷர்கள் வெட்கப்படாமல் உருகிய காலத்து இசை. பியானோவுக்கு விலேமின் மனைவி பவ்லா.

சனிக்கிழமைதோறும் சாப்பாடு முடிந்து ஒத்திகை. பவ்லாவின் இசைத்தாளில், அவரோடு சேர்ந்து வாசித்த காலத்தில் விலேம் போட்ட பென்சில் குறிகள் அழியாமல் இருந்தன.

"இங்க அவரு நிறுத்தி இழுப்பாரு, லுபோர்."

"அவன் இழுக்கலாம். நான் நின்னா ஓசை செத்துடும் பவ்லா. நிக்காம போறேன்."

இரண்டாம் பகுதியின் கடைசிச் சுரம் செல்லோவின் அடிமட்டத்தில் இருப்பது. வியோலாவில் அது கிடையாது. அச்சடித்தவர்கள் ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் போட்டிருந்தார்கள்.

"கீழ விழுற அந்தப் பள்ளத்த நிரப்ப வேணாம். காலூன்ற இடமில்லாம அது மேலயே தொங்கட்டும். அதுதான் என் துக்கம். அங்க நீ பியானோவத் தொடாம சும்மா இரு, பவ்லா."

"சரி, கையை எடுத்துடறேன்," என்றார் பவ்லா.

ஞாயிறு காலை, நூலக அரங்கில் நாற்பது பேர். அன்று லுபோர் இதுவரை வாசிக்காத மாதிரி வாசித்தார். இரண்டாம் பகுதியின் கடைசிச் சுரத்தை நூலாக இழைத்து மேலே விட்டார். அரங்கம் மூச்சு விடவில்லை. அப்போது பவ்லாவின் இடது கை கீழே போய், வியோலாவில் இல்லாத அந்த அடிச்சுரத்தைத் தொட்டது. கூட்டம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

முடிந்ததும் ஒரு கிழவி லுபோரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "விலேமே வந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சுப்பா."

பவ்லா அழுதுகொண்டிருந்தார். "கை தானா போயிடுச்சு. மன்னிச்சுக்கோ. ஆனா உனக்கும் அவரு வாசிக்கறது கேட்டுச்சுல்ல?"

வாழ்க்கையில் லுபோர் தனக்கென்று கேட்டதே அந்த ஒரு சுரம்தான். ஆத்திரப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"கேட்டுச்சு," என்றார் லுபோர். அது பொய்யில்லை. அந்தக் கணத்தில் அவர் காதிலும் விலேம்தான் இருந்தான்.