மதம் பிடிப்பதற்கு முந்தைய நாள்

மீர்நேஸ் என்ற ஊரில் காடு ஹெல்மருடையது. துப்பாக்கி அவன் மனைவி உல்ரிகாவுடையது. தந்தைவழி வந்த அந்தப் பைன் காட்டை வைத்திருப்பவருக்கு ஊர் வேட்டைக் குழுவில் ஓர் இடம் உண்டு. ரொட்டிக்கடை வைத்திருந்த ஹெல்மரோ இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றி உட்கார்ந்துவிடுபவன். ஆகவே திருமணமான மறு ஆண்டே அந்த இடத்தில் அவள் போய் நின்றாள். பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் பிழைப்பு. எந்த வளைவில் எந்த மூஸ் மான் சாலையைக் கடக்கும் என்பது அவளுக்கு ஆண்டு முழுவதும் தெரிந்திருந்தது. பழைய தலைவர் முழங்கால் வலியால் விலகியபோது குழு அவளையே தலைவியாக்கியதற்கு அதுவே காரணம்.

முதல் வேலையாக அவள் நாளை மாற்றினாள். செப்டம்பர் தொடக்கத்தில் போவதுதான் ஊர் வழக்கம். முந்தைய ஆண்டு அந்த வாரம் கோடையைப் போலக் காய்ந்தது. குளிர் அறை இல்லாத கொட்டகையில் ஒரு முழு மான் ஈ மொய்த்துக் கெட்டுப்போக, அதைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். உல்ரிகா மாதக் கடைசியைக் குறித்தாள். காற்று குளிர்ந்திருக்கும், ஆண் மான்களான கிடாக்கள் இடம்பெயரத் தொடங்கியிருக்கும். ஆனால் அதற்கடுத்துக் கிடாக்களுக்கு இணைசேரும் மதப்பருவம். வேட்டைக்குச் சட்டப்படி தடை. மதம் முந்திக்கொண்டால் கிடாவின் இறைச்சியில் மொச்சை நாற்றம் ஏறும். எந்த வீட்டு அடுப்பிலும் அதை ஏற்ற முடியாது.

"மதம் எப்ப வரும்னு மானுக்குக் கடுதாசி போட்டுக் கேட்டியா?" என்றான் சிக்ஸ்டன், கோடைக் கூட்டத்தில். குழுவில் தோல் உரிப்பவன் அவன்தான். எதற்கும் முதலில் எதிர்ப்பவனும் அவனே.

"போடல. கறி நாறிச்சுன்னா பொறுப்பைத் திருப்பிக் குடுத்துடறேன். போதுமா?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று அவன் சுற்றிலும் பார்த்தான்.

வேட்டை வாரம் மழையோடு தொடங்கியது. ஒரு கன்று மட்டுமே விழுந்தது. அதைப் பங்கிட்டால் வீட்டுக்கு ஒரு பானை தேறாது. அனுமதியில் ஒரு கிடா மிச்சம் இருந்தது. வியாழன் இரவு உறைபனி விழுந்தது. மறுநாள் காலை நாய்க்காரி டூரா சதுப்பின் ஓரத்தில் புதிதாகக் கிளறப்பட்ட ஒரு குழியைக் கண்டாள். குனிந்து முகர்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கிடா மூத்திரம். ஏதோ ஒரு கிடாவுக்கு மதம் ஆரம்பிச்சுட்டுது" என்றாள் வாக்கி-டாக்கியில்.

பிறகு சிக்ஸ்டனின் குரல் வந்தது: "தலைவியம்மா, இனி சுட்டா கறிக்கா, சோப்புக் காய்ச்சவா?"

"நாளைக்குத்தான் கடைசி நாள். எல்லாரும் பரண்ல ஏறுங்க" என்றாள் உல்ரிகா. குரலை நிதானமாக வைத்திருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் டூராவின் நாய் மேட்டுக்கு அப்பால் குரைக்கத் தொடங்கியது. குரைப்பு நெருங்குவதற்கு முன்பே கிடா உல்ரிகாவின் பரணுக்கு எதிரே வெளிப்பட்டது. முன்னங்கால்களில் முழங்கால்வரை கருஞ்சேறு. அது குழியைக் கிளறிய சேறா, சதுப்பைக் கடந்த சேறா? கிடா நின்றது. ஒரு வில்லோ மரக் கிளையை வாயால் இழுத்து இலைகளை உருவித் தின்றது. உல்ரிகாவுக்கு மூச்சு வந்தது: மதம் முற்றிய கிடா தின்னாது. அடுத்த கணம் அது தலையைத் தூக்கி மூக்கடைத்தாற்போல ஒரு முனகல் முனகியது. மதம் தொடங்கிய கிடாதான் அப்படி முனகும்.

சுடாமல் விட்டால் கண்டவர் எவருமில்லை. நல்ல கிடா வரவில்லை என்று சொல்லிவிடலாம். தலைமையும் தப்பும், ஆனால் ஊரார் வீட்டு இறைச்சிக் குளிர்பெட்டிகள் வசந்தம்வரை காலியாகக் கிடக்கும். அவள் அதன் முதுகைப் பார்த்தாள். கொழுப்பு இன்னும் உருண்டு நின்றது, வயிறு ஒட்டியிருக்கவில்லை. நாய் புதரை உடைத்துக்கொண்டு வந்த நொடியில் விசையை அழுத்தினாள்.

கொட்டகையில் கிடாவைச் சங்கிலியில் ஏற்றியபோது வாடை எல்லோரையும் ஓரடி பின்னுக்குத் தள்ளியது. சிக்ஸ்டன் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தான். "மூக்கு இருக்கிறவனுக்கு இதுல சந்தேகமா?"

"வாடை தோல்ல இருக்கு. சதையில இருக்கான்னு இனிமேதான் தெரியும்" என்றாள் உல்ரிகா. "சிக்ஸ்டன், நீ தோலை மட்டும் தொடு. சதையை டூரா பிடிப்பா."

"முப்பது வருஷமா உரிக்கிறேன். எனக்குக் கை கழுவச் சொல்லித்தர்றியா?"

"கழுவினாலும் போகாது. தோல் பட்ட கை சதையில பட்டா முழு மானும் போச்சு. உன் கையாலதான் போச்சுன்னு நான் சொல்ற மாதிரி ஆகவேண்டாம்."

அவன் அவளை முறைத்தான். பிறகு பின்காலிலிருந்து தொடங்கினான். பழக்கதோஷத்தில் ஒருமுறை அவன் இடக்கை தொடைச் சதையை நோக்கிப் போயிற்று. பாதியில் தானே இழுத்துக்கொண்டான். தோல் விலாவரை இறங்கியபோது கனம் தாங்காமல் பிடி நழுவியது. ஈரத்தோல் சுருண்டு, வெளிப்பட்ட சதைமீது சாயப்போனது. சிக்ஸ்டன் பாய்ந்து மார்பால் அதைத் தாங்கினான். மயிரும் சேறும் அவன் கன்னத்தோடு ஒட்டின.

"இழுங்கடா" என்றான் பல்லைக் கடித்தபடி. இருவர் ஓடிவந்து தோலை அப்புறம் இழுத்தனர்.

"இன்னைக்கு உன் பொண்டாட்டி உன்னை வாசல்லதான் படுக்க வைப்பா" என்றாள் டூரா.

"என்னைக்கு உள்ள விட்டா?"

கொட்டகையில் எழுந்த சிரிப்பு நீடிக்கவில்லை. சதையைச் சோதிக்க உல்ரிகா கழுத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, உப்பில்லாமல் வெண்ணெயில் இட்டாள். வாணலி சூடேறியதும் கொட்டகை முழுவதும் மொச்சை எழுந்தது. எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் அந்தத் துண்டை நாயின் முன் போட்டுவிட்டு, வேறொரு வாணலி எடுத்தாள். தொடையின் உட்புறத்திலிருந்து ஒரு துண்டு. வெண்ணெய் பொரிந்தது. மணம் எதுவென்று சொல்ல முடியவில்லை. முந்தைய வாடை மூக்கை விட்டுப் போகவில்லை.

வாணலியை அவள் சிக்ஸ்டனிடம் நீட்டினாள்.

"நானா?"

"நீ நல்லாருக்குன்னு சொன்னா இங்க எல்லாரும் நம்புவாங்க. நாறுதுன்னு சொன்னா நானும் நம்புவேன்."

கையைத் தூக்கிக் காட்டினான். தோலைத் தொட்ட கை. அவளே முள்கரண்டியில் குத்தி அவன் வாயில் வைத்தாள். அவன் மென்றான். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றான். விழுங்கிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனான்.

உல்ரிகா அடுப்பை அணைத்தாள். பொறுப்பை விடுவதாகக் கூட்டத்தில் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் கோக்கத் தொடங்கியிருந்தாள்.

வெளியே வண்டியின் பின்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. சிக்ஸ்டன் தன் வீட்டு இறைச்சித் தொட்டியை அக்குளில் இடுக்கியபடி வந்து, கூறு போடும் மேசையின் கீழே வைத்தான்.

"கழுத்தும் முன்னங்கால் சப்பையும் நாய்க்கு. மத்ததைக் கூறு போடு" என்றான். "அடுத்த வருஷம் நீ நாள் குறிக்கும்போது ரெண்டு நாள் முன்னாடி குறி. இந்த வாடையை இன்னொரு தடவை நான் கட்டிப்பிடிக்க மாட்டேன்."

மற்றவர்களும் தங்கள் தொட்டிகளை எடுத்துவர வெளியே கிளம்பினார்கள்.