வலது செருப்புக் கத்தி

1952 கோடையில் பொதுக் கிணற்றில் யார் முறைக்கு யார் தண்ணீர் இறைப்பது என்று சேவுகனுக்கும் தம்பி அழகுமலைக்கும் சண்டை வந்தது. "ஒன்ன வெட்டாம விடமாட்டேன்" என்று ஆளுக்கொரு தடவை சொல்லிக்கொண்டார்கள். தான் சொன்னது கோபத்தில் வந்த பேச்சு என்று சேவுகனுக்குத் தெரியும். தம்பி சொன்னதைத்தான் நம்பினான்.

அன்னவாசலில் செருப்புத் தைப்பவரிடம் போய், வலது செருப்பின் இரண்டு தோலுக்கு நடுவே மெல்லிய கத்தி ஒன்று வைக்க இடம்விட்டுத் தைக்கச் சொன்னான். குதிகால் பக்கம் விரலை விட்டு இழுத்தால் கையோடு வரும்.

"ஒரு மாசம் உறுத்தும், பெறகு பழகிரும்" என்றார் அவர்.

ஒன்பது வருஷமாகியும் பழகவில்லை. சேவுகன் அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். கேட்டவர்களிடம் வாதம் என்றான். இத்தனைக்கும் எந்த வீட்டுக்குள் போனாலும் கத்தி வாசலில்தான் கிடந்தது.

தம்பியும் தாங்கி நடப்பதைத் தூரத்தில் பார்த்தபோது, சாமி கேட்டுவிட்டது என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டான்.

அழகுமலை காய்ச்சலில் செத்த அன்று சேவுகன் போனான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, செத்தவனின் பாயோடு வெளியே போட்டிருந்த செருப்பைக் கவனித்தான். வலது செருப்பில் அதே தையல். விரலை விட்டான், துருவேறிய இரும்பு தட்டியது.

"ரெண்டு பேத்துக்கும் ஒரே கால்ல வாதம்ப்பா. ஒரு வயித்துப் புள்ளைகன்னு அதுலயாச்சும் தெரிஞ்சுச்சே" என்று சின்னாத்தா காத்தாயி அழுதாள்.

"ஆமா சின்னாத்தா, வாதந்தான்" என்று தம்பிக்கும் சேர்த்துப் பொய் சொன்னான் சேவுகன்.