நோவுப் பண்டும் இரண்டு டப்பாவும்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் பாப்பாரப்பட்டியில் ஒரு புளி மண்டியில் வேலை செய்துகொண்டிருந்தேன். மாசி பிறந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வண்டி வண்டியாகப் புளி வந்து இறங்கும். நாங்கள் ஒரு கூட்டம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்போம். பேச்சும் சிரிப்பும் சண்டையுமாகப் பொழுது போகும். சண்டையில் முக்கால்வாசி என்னுடையதாகத்தான் இருக்கும். என் வாய் அப்படி.

மண்டியில் எங்களுக்கென்று ஒரு நோவுப் பண்டு இருந்தது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆளுக்குக் கொஞ்சம் பண்டுக்காரரிடம் கட்டிவிட வேண்டும். எங்களுக்கோ எங்கள் வீட்டு ஆட்களுக்கோ உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிச் செலவை அவர் பார்த்துக்கொள்வார் என்பது பேச்சு. பொங்கலுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரமும் கொடுப்பார். அதற்கு மேல் எது மிஞ்சினாலும் அவருக்கு.

பண்டுக்காரரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். படிய வாரிய தலை, வெற்றிலைச் சிவப்பு, எப்போதும் சிரித்த முகம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோவென்று யாராவது போய் நின்றால் மட்டும் அந்தச் சிரிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. "இது பழைய நோவும்மா, பண்டுல சேர்றதுக்கு முந்தியே உனக்கு இருந்தது" என்பார். "காய்ச்சலுக்கெல்லாம் பண்டு கெடையாது" என்பார். பொங்கலன்று மட்டும் ஒலிபெருக்கி கட்டி, தன் படம் போட்ட நோட்டீஸ் அடித்து, அமர்க்களமாகப் பாத்திரம் கொடுப்பார். பளபளவென்று ஒரு குடம் கைக்கு வந்ததும் பெண்களுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

ஒரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த அக்காவின் விரலில் ஓடு குத்திவிட்டது. புளி பட்டுப் பட்டு அது புரையோடிப் போனது. அக்கா பண்டுக்காரரிடம் போனாள். "இது வேலையில வந்தது. மொதலாளிகிட்டக் கேளு" என்றார். முதலாளியிடம் போனாள். "அதுக்குத்தானே பண்டு கட்றீங்க" என்றார் அவர். இப்படி இங்கேயும் அங்கேயும் அலைந்து கடைசியில் அக்கா விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷப் பொங்கலுக்குக் கிடைத்தது பெரிய குடம். அதைத் தூக்க அக்காவுக்குக் கை வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பொங்கல் முடிந்த கையோடு சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றேன். "உங்க வாசல்ல உட்கார்ந்துதாங்க அவர் வசூல் பண்றாரு. நீங்க கேக்கலைன்னா யாருங்க கேக்கறது?" என்று சத்தம் போட்டேன். அக்கா விஷயத்தில் முதலாளிக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். பண்டுக்காரரைக் கூப்பிட்டு அங்கேயே பேசி முடித்தார். இனிமேல் சனிக்கிழமை வசூலானதும் எல்லார் கண் முன்னாலும் இரண்டு டப்பாவில் பிரித்துப் போட வேண்டும். முக்கால் பங்கு பெரிய டப்பாவில். அது வைத்தியத்துக்கு மட்டும், முதலாளி வீட்டில் இருக்கும், மிஞ்சினால் அடுத்த வருஷத்துக்கு. கால் பங்கு சின்ன டப்பாவில். நோட்டீஸ், ஒலிபெருக்கி, பாத்திரம், அவருடைய லாபம் எல்லாம் அதற்குள்.

பண்டுக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. "இப்பிடிப் பண்ணா எனக்குக் கட்டுப்படியாவாதுங்க. பண்ட மூடிட்டுப் போயிடுவேன்" என்று எழுந்து போய்விட்டார். சொன்னபடியே அடுத்தடுத்த சனிக்கிழமை வசூலுக்கு வரவுமில்லை. அவ்வளவுதான், மண்டியே என் மேல் பாய்ந்தது. அவர்களில் ரொம்பத் துள்ளியவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. "கொடமும் போச்சு, பண்டும் போச்சு. இப்ப உனக்குக் குளுகுளுன்னு இருக்குதா?" என்று கேட்டவள் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நமக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று எனக்கே சில நாள் தோன்றியது. பிறகு ஒரு சனிக்கிழமை பண்டுக்காரர் உம்மென்று வந்து உட்கார்ந்தார். சும்மா இருப்பதற்குக் கால் பங்கும் தேவலை என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டு டப்பாவும் வந்தன.

பங்குனி வெயிலில் ஒரு நாள் காலை, வண்டி ஓட்டிவந்த என் வீட்டுக்காரர் மாட்டை அவிழ்க்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். வயிற்று வலி அவருக்குப் புதிதில்லை. முன்பே இரண்டு தடவை வந்து கஷாயத்தில் அடங்கியிருந்தது. ஊருக்கே தெரியும், பண்டுக்காரருக்கும் தெரியும். இந்தத் தடவை கஷாயம் தங்கவில்லை. ஓரகத்தியும் நானுமாக அவரை பஸ்ஸில் ஏற்றித் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "குடல்வால் வீங்கியிருக்கு. இன்னைக்கே அறுக்கணும். விட்டா உள்ளேயே வெடிச்சிடும். பணத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். "பண்டுக்கார அண்ணங்கிட்டப் போய்ச் சொல்றியா?" என்று கேட்டேன். ரொம்ப நாள் கழித்து அவள் என்னிடம் பேசினாள். "பழைய நோவும்பாரே, தெரியாதா? அதுவும் உன் வூட்டுக்காரருக்குன்னா கேக்கணுமா?" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கோபம் இருந்தாலும் ஒரே வீட்டுப் பாசம் என்று ஒன்று இருக்கிறதே.

என் வீட்டுக்காரர் வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அவர் இல்லாத ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறின நேரம், ஓரகத்திக்கு முன்னால் வேகு வேகென்று பண்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். கையில் மஞ்சப்பை. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "பழைய நோவுன்னு மட்டும் சொன்னீங்க, நடக்கறதே வேற! உங்களுக்கு மனசாட்சி இருக்குதாங்க?" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

அவர் பைக்குள் இருந்து பெரிய டப்பாவை எடுத்து நர்சம்மா மேசை மேல் வைத்தார். முதலாளியிடம் கேட்டு டப்பாவோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். "சீக்கிரம் உள்ள கொண்டு போங்கம்மா, மனுசன் துடிக்கிறான்" என்றார். கத்திக்கொண்டிருந்த நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அது என் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற காரியம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்" என்று டாக்டர் சொன்னதும் ஓரகத்தியும் நானும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம். நெஞ்சில் ஏற்றி வைத்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பண்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "அண்ணா, அவருக்கு முன்னமே வயித்து வலி இருந்தது உங்களுக்குத் தெரியுங்களே. ஏங்க ஒண்ணும் சொல்லல?"

அவர் சிரித்தார். பழைய சிரிப்பு. "முன்ன யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனா என் மடியில இருந்து போச்சும்மா. சும்மா சொல்லக் கூடாது, இல்லேன்னு சொல்ல ஏதாச்சும் காரணம் தேடுவேன். இப்பதான் பெரிய டப்பாவுல எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிப்போச்சே. குறுக்க நின்னு நான் எதுக்குப் பாவத்தக் கட்டிக்கணும்?" என்றவர், வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "பஸ் காசு மட்டும் சின்ன டப்பாவுல இருந்து போவுது. அதுதான் வயித்தெரிச்சல்" என்றார். அழுத கண்ணோடு நான் சிரித்துவிட்டேன்.

அதே ஆள்தான். அவர் மனசு இரண்டு மாதத்தில் தங்கமாகிவிடவில்லை. எங்கள் நோவு அவருக்கு நட்டமாக இல்லாமல் போனது, அவ்வளவுதான். எல்லாம் சுபம் என்றும் சொல்லிவிட முடியாது. சில வருஷம் கழித்து லாபம் போதவில்லை என்று அவர் பண்டை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைத்துக்கொண்டார். பிறகு நாங்களே நடத்தினோம், தினம் ஒரு சண்டையோடு.

இப்போது என் பேரப் பிள்ளைகள் ஏதாவது மருத்துவ இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசினால் நான் கேட்பது ஒன்றுதான். "நான் படுத்துக்கிட்டா அவங்களுக்கு நட்டமா? நட்டம்னா அவங்களக் கட்டிப்போட யாராவது இருக்காங்களா?" ஆயாவுக்கு வேறு வேலை இல்லை என்று அவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கேள்வியை ஒரு பொங்கலுக்குப் பிறகு சண்டை போட்டுக் கேட்டு வைத்ததால்தான் அவர்களுடைய தாத்தா பங்குனியில் உயிரோடு வீடு திரும்பினார் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு ஒரு பெருமூச்சு வந்துதான் அடங்குகிறது.