ஏரி உடைந்த வாரம்: ஆவடியிலிருந்து பாரிவாக்கம் வரை

பூந்தமல்லிப் பக்கம் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதல்முறை அந்த வழியில் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எண்பதுகளின் நடுவில் ஒரு நவம்பர், நாலு நாள் விடாத மழை. பாரிவாக்கம் பக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலை வாசலில் பேசிக்கொண்டார்கள். என் தங்கை செல்வி அங்கேதான் குடியிருந்தாள், வயிற்றில் எட்டு மாதம். மாப்பிள்ளை லாரியோடு வடக்கே போயிருந்தார்.

ரயில் ஓடவே மூன்று நாள் ஆனது. காலை 6.40 வண்டியில் ஆவடி, டிக்கெட் ஒரு ரூபாய். பஸ் கிடையாது. ஓர் ஆட்டோக்காரர் மட்டும் இரக்கப்பட்டார். "பருத்திப்பட்டு வரிக்கும்தான் வண்டி போவும் சார். அப்பால ரோடே இல்ல, நடந்துதான் போவணும்." எட்டு ரூபாய் கேட்டவர், எதற்குப் போகிறேன் என்று தெரிந்ததும் ஐந்துதான் வாங்கினார். மிச்சம் நாலு கிலோமீட்டர். முழங்கால் சேற்றில் இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் செத்த மாடுகள். எனக்குச் சாமி பூதம் எதுவும் கிடையாது. யாரிடம் கெஞ்சுவது என்றுகூடத் தெரியாமல் நடந்தேன்.

செல்வியின் குடிசை இருந்த இடத்தில் அடுப்புக்கல்தான் கிடந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் வந்த ஒருவர், "அந்தப் பொண்ணா? மேட்டுத்தெருல கன்னியம்மா ஊட்ல கீது. நல்லாத்தான் கீது, நீ எய்ந்திரு பா," என்றார்.

செல்வி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என் அழுகை அடங்கவே நேரமானது. சுவரோரம் ஓர் அகல் எரிந்தது, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். சாமி விளக்கு என்று நினைத்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கைகூப்பி, "கோடி நன்றி" என்று வாய்விட்டே சொன்னேன். கன்னியம்மா எனக்கும் கஞ்சி ஊற்றினார். செல்வியைக் கூட்டிப்போக ஒரு வண்டி பார்த்து வரக் கிளம்பினேன். "போயிட்டு வரேம்மா," என்றேன்.

செல்வி என்னை வெடுக்கென்று தெருவுக்கு இழுத்தாள்.

"இன்னாண்ணா நீ! எழவு ஊட்ல போயி வரேன்னு சொல்லலாமா? என்னத் தோள்ல தூக்கினு வந்து வுட்டது அவுங்க ஊட்டுக்காரரு. பக்கத்தூட்டுப் பசங்களக் கூட்டினு வரத் திரும்பிப் போனாரு. நேத்துதான் எடுத்தாங்கோ. மாசமா கீற நான் அழுவக் கூடாதுன்னு அந்தம்மா எம் முன்னாடி ஒரு சொட்டு அழுவல."

கன்னியம்மாவின் கழுத்தில் தாலி இருந்தது. பத்தாம் நாள் வரை இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. திரும்பினேன். கன்னியம்மா வாசலில் நின்றார்.

"அண்ணனத் திட்டாத செல்வி. அவரும் வரேன்னுதான் சொல்லிகினு போனாரு. நீயாவது வா நைனா."

மறுநாளே ஒரு டிராக்டரோடு போனேன். அப்புறம் ஒவ்வொரு ஐப்பசிக்கும் போனேன்.

இப்போது ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். வெள்ளம் வடிந்த ஊருக்குப் போகிறவர்கள் செருப்பை நம்பாமல் ஒரு கழி எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். விளக்கு எரிந்தால் யாருக்கு என்று முதலில் விசாரியுங்கள். எனக்கு இன்னும் சாமி கிடையாது. அந்த விளக்குக்குச் சொன்ன நன்றியை மட்டும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கன்னியம்மா போய்ப் பல வருடமாகிறது. அவரை எடுத்த அன்று அதே வாசலில் நின்று, கூடியிருந்தவர்கள் முகம் சுளிக்கச் சுளிக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், போயிட்டு வரேம்மா என்று.