திமிங்கிலத்தின் மேல் கேக்

மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கடல் வரைந்த மேசைவிரிப்பு வேண்டுமென்று, பண்டாரவளையில் லொறிகளுக்குப் படம் வரைகிற ஒருவரிடம் கேட்டேன். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு தூரிகை. வரைந்து முடித்ததை ஒரு கண்ணை மூடிக்கொண்டு முறைத்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

விரிப்பின் நடுவே பெரிய திமிங்கிலம் வந்திருந்தது. விருந்துக்கு அவரையும் அழைத்தோம். மனைவி கேக்கை நடுவில் வைக்கப் போனாள்.

"அங்க வேணாம்மா, திமிங்கலம் மறைஞ்சிரும்," என்றார்.

ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"அங்க ஆமை இருக்குங்க."

கடைசியில் கேக் நாற்காலிக்குப் போனது. விருந்தினர்கள் வடைத் தட்டுகளைக் கையில் பிடித்தபடி வெறும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"சாப்பிட வந்தமா, மீன் பாக்க வந்தமா?" என்று மாமியார் முணுமுணுத்தார்.

நாற்காலி மகளுக்கு எட்டும் உயரம். கேக்கில் கையை விட்டுவிட்டாள். நான் அவசரமாகத் தூக்கியபோது, அந்தக் கையாலேயே திமிங்கிலத்தின் முதுகில் வெள்ளையாக ஓர் இழுப்பு இழுத்தாள். எல்லோரும் ஓவியர் முகத்தைப் பார்த்தோம். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நொரைய மறந்துட்டேங்க," என்றார். "பாப்பா போட்டுருச்சு."

பிறகு அவரே கேக்கைத் தூக்கித் திமிங்கிலத்தின் மேல் வைத்தார்.

உண்மையிலேயே மறந்திருந்தாரா, பிள்ளைக்காகச் சொன்னாரா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.