ஆப்பரேட்டர் எடுத்த ஆங்கில வகுப்பு

என் மனைவியின் தங்கையை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஆப்பரேட்டர்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பெரிய கம்பெனி ஒன்றில் டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியிலிருந்து வருகிற அழைப்பை உள்ளே யாருக்கு வேண்டுமோ அவருக்குத் திருப்பிவிடுகிற வேலை. சின்ன வயதில் போய் உட்கார்ந்தவள், காதோரம் நரைக்கிற வரைக்கும் அந்த நாற்காலியை விடவில்லை. மூக்கால் பேசுகிறவன், வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுகிறவன், கோபத்தில் பாதி வார்த்தையை முழுங்குகிறவன், எல்லாருடைய ஆங்கிலத்தையும் முகம் பார்க்காமலே சமாளித்தவள். இடையில் தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கினாள், ஆசிரியர் பயிற்சியையும் முடித்தாள். “எதுக்குடி இந்த வயசுல உனக்கு இது?” என்று அவள் அக்கா கேட்டபோது, “போர்டுல ஒரு லைட் எரியுதுக்கா, யாருன்னு எடுத்துப் பார்க்கிறேன்” என்றாள். அழைப்பு வந்தால் போர்டில் விளக்கு எரியும்; அவள் பேச்சே அப்படித்தான்.

பிறகு கம்பெனிக்கு மெஷின் வந்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அதுவே ஆளைப் பிரித்து அனுப்பியது. போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். இவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, நாலு வார்த்தை நல்லதாகப் பேசி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிகாரம் ஓடவில்லை என்பது வேறு கதை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். இந்த ஊருக்குக் கையில் ஒரு சுத்தியலோடு வந்தேன். இன்றைக்கு இந்த ஊர்க் கடைகளில் பாதிக்கு என் பட்டறையில் செய்த ஷட்டர்தான். அது மேலே போனால்தான் காலையில் வியாபாரம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெரிய கேட்டும் நான் செய்ததுதான்; சின்னக் குழந்தை ஒரு விரலால் தள்ளினாலும் திறக்கும். அதனால் நிர்வாகக் குழுவில் என்னையும் உட்கார வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனைப் பள்ளிக்கூடமே கூப்பிட்டு நாற்காலி போடுகிறது என்றால் சும்மாவா?

எட்டாம் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியர் இடம் காலியானது. நான் வாயைத் திறந்து ஆப்பரேட்டரைச் சொன்னேன். தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். எதற்கும் சட்டென்று சிரித்துவிடாத அம்மா அவர். “அரையாண்டு வரைக்கும் பார்க்கலாம். அப்புறம்தான் நிரந்தரம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் மாடிப்படிக் கைப்பிடியில் வெல்டிங் விட்டுப்போனதைப் பார்க்கப் போனவன், எட்டாம் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, பிள்ளைகளை ஜோடி ஜோடியாகத் தரையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்திருந்தாள். ஒருத்தருக்கு மற்றவர் முகம் தெரியாது. இந்தப் பக்கம் இருப்பவர் டாக்டர், அந்தப் பக்கம் இருப்பவர் நோயாளி. “வாட் இஸ் யுவர் பிராப்ளம்?” என்று டாக்டர்கள் கேட்க, நோயாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். அறை முழுக்க ஒரே இரைச்சல். அவள் நடுவில் கைகட்டி நடந்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்தவளிடம் கேட்டேன். “ஏம்மா, புள்ளைங்க எல்லாம் சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி திரும்பி உக்காந்திருக்கு?”

“முகத்தைப் பார்த்தா தலையாட்டியே பதில் சொல்லிடுதுங்க அத்தான். இப்படி உக்காந்தா காதைக் கொடுத்துத்தான் ஆகணும், வாயைத் திறந்துதான் ஆகணும். டெலிபோன்ல தலையாட்டினா யாருக்குத் தெரியும்?”

“அது சரி. உங்க அக்கா போன்லயும் தலையாட்டுவா.”

“அக்காகிட்ட சொல்றேன் இருங்க.”

அந்த வகுப்பில் இரண்டு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தி பென்சில். ஒல்லியாக உயரமாக இருப்பாள், நாக்கு மட்டும் நல்ல கூர். இன்னொருவன் லாரி. ரகசியம் பேசினாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும். இரண்டு பேருமே டாக்டர்கள். ஆளுக்கு ஒரு நோயாளி உண்டு. ஜோடி சேர்த்தால் சேர்த்ததுதான், ஆப்பரேட்டர் மாற்றவே மாட்டாள். போர்டில் வேலை பார்த்த பழக்கம் அது. ஒருத்தருக்குக் கொடுத்த லைனை நடுவில் பிடுங்கக் கூடாது என்பது போர்டுக்காரர்களுக்குள் வேதம் மாதிரி. முதல் நாள் யார் டாக்டரோ அவர்தான் கடைக்காரர், அவர்தான் டிக்கெட் கொடுப்பவர். யார் நோயாளியோ அவர்தான் வாடிக்கையாளர், அவர்தான் பயணி. ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும், மறு பக்கம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். நன்றாகத்தான் ஓடியது. முதலில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட நிற்காமல் பேசினார்கள்.

பக்கத்து அறைக் கணக்கு வாத்தியாருக்குத்தான் பொறுக்கவில்லை. நேராகத் தலைமையாசிரியையிடம் போய்விட்டார். “மேடம், நான் பின்னம் நடத்துறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பே சேர்ந்து வயித்துவலின்னு கத்துது. என் பசங்க பாதிப் பேரு விடையை விட்டுட்டு வியாதியை எழுதுறாங்க.”

தலைமையாசிரியை என்னிடமே நேராகச் சொன்னார். “ஐயா, உங்க சொந்தக்காரங்கன்னு பார்க்க மாட்டேன். வர்ற குழுக் கூட்டத்தன்னிக்கு எல்லாரும் அந்த வகுப்புக்குப் போவோம். புள்ளைங்க பேசுறாங்களா, வெறும் சத்தம் போடுறாங்களான்னு பார்ப்போம். சத்தம்தான்னா அரையாண்டோட நிறுத்திக்கலாம். புத்தகத்தை வெச்சு நடத்துற வேற ஆளைப் பார்த்துக்கிறேன்.”

“தாராளமா பாருங்கம்மா. நான் பொண்ணு எடுத்த வீட்டு ஆளு சோடை போகாது” என்றேன்.

கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டாள்.

“குடிடி, ஆடை கட்டிடுச்சு பாரு” என்றாள் என் மனைவி.

“அக்கா, கம்பெனில என்னை வேண்டாம்னாங்க, அது மெஷினால. எனக்கு வருத்தம் இருந்துது, ஆனா வெட்கமா இல்ல. நாளைக்கு வேண்டாம்னா அது என்னால. இந்த வயசுல இன்னொரு வகுப்பறைக்குள்ள யாரு என்னை விடுவா?”

“உங்க அத்தானை ஏன் குழுவுல வெச்சிருக்காங்க? சும்மா பிஸ்கட் சாப்பிடவா? அவர் பேசுவாரு.”

“நான் பேசினா நாலு பேர் கேப்பாங்க” என்றேன்.

“வேண்டாம் அத்தான். நீங்க பேசிக் கிடைக்கிற வேலை எனக்கு வேண்டாம். புள்ளைங்க பேசட்டும்.” டீயைக் குடிக்காமலே போனாள்.

மறுநாள் குழு முழுவதும் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தது. தலைமையாசிரியைக்கு முன்வரிசையில் நாற்காலி, எனக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் தலைவாரிக்கொண்டு முதுகோடு முதுகு உட்கார்ந்திருந்தார்கள். ஆப்பரேட்டர் ஒரு முறை கையைத் தட்டினாள். குறை சொல்லக் கூடாது, அருமையாக ஆரம்பித்தார்கள். கேள்விக்குப் பதில், பதிலுக்குக் கேள்வி. ரயில்வே டிக்கெட் வாங்கினார்கள், காய்ச்சலுக்கு மருந்து வாங்கினார்கள். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. நான் கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பி மீசையைத் தடவினேன்.

தலைமையாசிரியை முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. “நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கேயும் யோசிக்கவே இல்லையே” என்றார். எழுந்து போய்ப் பென்சிலைக் கையைப் பிடித்துத் தூக்கினார். நாலு ஜோடி தள்ளி உட்கார்ந்திருந்த லாரியையும் எழுப்பி, இரண்டு பேரையும் முதுகோடு முதுகு உட்கார வைத்தார். “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரும் நோயாளியுமா பேசுங்க பார்ப்போம்.”

ஆப்பரேட்டரின் முகம் வெளுத்தது. எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. அடுத்த நிமிஷமே புரிந்தது.

“வாட் இஸ் யுவர் பிராப்ளம்?” என்றாள் பென்சில்.

“வாட் இஸ் யுவர் பிராப்ளம்?” என்றான் லாரி.

பென்சில் தெளிவாக இன்னொரு தரம் அதையே கேட்டாள். லாரியும் இன்னும் சத்தமாக அதையே கேட்டான். இத்தனை நாளும் வைத்தியம் பார்த்தவர்கள் இரண்டு பேரும். நோய் எப்படி வரும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கணக்கு வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். குழுவில் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். “அம்மா, இதுல ஒரு சின்ன…”

“அத்தான், கொஞ்சம் லைன்ல இருங்க” என்றாள் அவள். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். என் பட்டறையில் என்னை உட்கார் என்று சொல்ல ஒருத்தன் பிறக்கவில்லை.

பென்சிலுக்கு மூக்கு விடைத்தது. திரும்பிப் பார்க்காமலே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்றைப் பிடித்துப் போட்டாள். “ஐ ஆம் டாக்டர். யூ ஆர் பேஷண்ட்.”

“நோ. ஐ ஆம் டாக்டர். யூ பேஷண்ட்” என்றான் லாரி.

“நோ ஃபீவர் ஃபார் மீ.”

“யெஸ் ஃபீவர். யுவர் வாய்ஸ் இஸ் ஃபீவர் வாய்ஸ்.”

வகுப்பு முழுக்க நிமிர்ந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காத பேச்சு அது. ஆப்பரேட்டர் நிறுத்துவதற்குக் கையைத் தூக்கினாள், பிறகு மெதுவாகக் கீழே போட்டாள். ஓடுகிற லைனை அவள் பிடுங்குவாளா?

“யூ ஷவுட், ஷவுட், ஷவுட்” என்றாள் பென்சில். “ஆல் பேஷண்ட் ரன்.” எல்லா நோயாளியும் ஓடிப்போவான் என்று அர்த்தம்.

“யூ ஆர் தின் டாக்டர். பேஷண்ட் லுக் யூ, பேஷண்ட் கிவ் மெடிசின் டு யூ.”

பென்சிலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “ஷோ யுவர் சர்ட்டிஃபிகேட்” என்றாள். லாரி விடவில்லை. “சர்ட்டிஃபிகேட் இன் மை ஹவுஸ். மை மதர் லாக் இட். கம் டுமாரோ.”

அந்த வார்த்தையில் குழு மொத்தமும் சிரித்துவிட்டது. கணக்கு வாத்தியார் தொடையைத் தட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் யாருக்கும் குறையாமல் சிரித்தேன். வியாபாரத்தில் அப்படிச் சிரித்தே எத்தனையோ காரியம் முடித்திருக்கிறேன்.

தலைமையாசிரியை லாரியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று. அவன் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான்: “நோபடி, மிஸ். ஷீ ஸ்டார்ட் ஃபைட்.”

பிறகு அவர் ஆப்பரேட்டரைப் பார்த்தார். “முதல்ல நடந்தது மனப்பாடம். இது பேச்சு. உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா?”

“தெரியுது மேடம். ஜோடியை மாத்தாதது என் தப்பு. கேக்குறவங்களையே கேக்க வெச்சேன், சொல்றவங்களையே சொல்ல வெச்சேன். லைன் நல்லா வேலை செய்யுதுன்னு தொடாம விட்டுட்டேன்.”

“முதுகோட முதுகு உக்கார வெக்கிறதை விடாதீங்க. அது இல்லைன்னா இந்தச் சண்டை இவ்வளவு நல்லா வந்திருக்காது.” பிறகு பிள்ளைகள் பக்கம் கையைக் காட்டினார். “ஜோடி தினமும் மாறணும். டாக்டர் நோயாளி ஆகணும். அரையாண்டுக்கு அப்புறமும் நீங்களே இருங்க. ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்துக்கோங்க. அறை மட்டும் மாடியில கடைசி அறை. கணக்கும் நடக்கணும் இல்லையா?”

“ரொம்ப நன்றி மேடம்” என்றார் கணக்கு வாத்தியார், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

ஆப்பரேட்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதாத பலகையை டஸ்டரால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடிக்க நேரமானது.

நான் முதலிலேயே சொன்ன ஆள்தான் அவள். நான் கை காட்டிய ஆள் தோற்றதில்லை. வெல்டரானாலும் சரி, வாத்தியாரம்மாவானாலும் சரி.

வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அவள் அக்கா பிடித்துக்கொண்டாள். “வேலை இருக்கா, இல்லையாடி?”

“இருக்குக்கா. ஒன்பதாம் கிளாஸும் சேர்த்து.”

“நான்தான் சொன்னேனே, உங்க அத்தான் பேசுவாருன்னு.”

“அவரை லைன்ல இருங்கன்னு சொன்னேன்க்கா. உக்காந்துட்டாரு.”

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உக்காந்தாரா? நான் சொல்லி ஒரு நாளும் உக்காந்ததில்லையே.”

ஆப்பரேட்டர் உள்ளே வந்து, தானே டீயைப் போட்டு, சூடாக ஒரே மடக்கில் குடித்தாள். அடுத்த நாளுக்குப் புது உரையாடல் வேண்டுமாம். இரண்டு கடைக்காரர்கள், வாடிக்கையாளரே இல்லாத தெரு. பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். என்னையும் என் மனைவியையும் கூடத்துத் தரையில் முதுகோடு முதுகு உட்கார வைத்தாள்.

“எனக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தெரியாதுடி” என்றாள் என் மனைவி.

“தெரிஞ்சதைப் பேசுக்கா. உன் கடையில வியாபாரம் இல்ல, அதுக்கு எதிர்க் கடைக்காரர்தான் காரணம். அவ்வளவுதான் விஷயம்.”

என் முதுகில் என் மனைவியின் முதுகு நிமிர்வது எனக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஹலோ மிஸ்டர்” என்று ஆரம்பித்தாள். அந்தக் குரலைக் கேட்டதுமே இதில் நான் ஜெயிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.