புயலின் மேல் போட்ட பழி

எர்னஸ்டீன் மேனிகோ எங்கள் இடுகாட்டுச் சங்கத்துக்கு இருபது ஆண்டுகள் தலைவராக இருந்தார். அந்தப் பதவியை அவர் தாமாகவே இழக்கத் துணிந்தது 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம், மாவட்ட மன்றத்தில் நடந்த விசாரணையின்போது.

இடுகாட்டின் மேற்குத் துண்டில் கல்லறைகளே இல்லை என்று ஒரு வீட்டுமனை நிறுவனம் சாதித்தது. மன்றம் அதை ஏற்றால் வியாழக்கிழமை மண்வாரி இயந்திரங்கள் இறங்கும்.

அடிமைகளாயிருந்த எங்கள் கறுப்பின முன்னோர் புதைக்கப்பட்ட நிலம் அது. விடுதலைக்குப் பின் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து அதை விலைக்கு வாங்கின. வசதியுள்ளவர்கள் கிழக்கே கல் நட்டார்கள். மற்றவர்கள் மேற்கே, பழைய வழக்கப்படி, இறந்தவர் கடைசியாகப் புழங்கிய குவளையையோ விளக்கையோ அடியில் ஓட்டையிட்டு, சங்குகளோடு தலைமாட்டில் வைத்தார்கள். பிழைப்புக்காக மக்கள் வடக்கே போனதும் புதர் மண்டியது. மாவட்டம் சாலையை அகலப்படுத்தியபோது வேலியைப் பிடுங்கியது, மறுபடி நடவில்லை.

விசாரணையில் முதல் சாட்சி எழுபத்தெட்டு வயதுச் சபை மூப்பர் ரூஃபஸ் பிங்க்னி. அவருடைய மனைவி லவினியா மேற்கே கிடக்கிறார்.

"மூப்பரே, கல்லறைக்கு என்ன அடையாளம்?" என்றார் நிறுவனத்தின் வழக்கறிஞர்.

"ஒரு வெள்ளைக் கூஜா. எண்பத்தொம்பதுல வந்த பெரும்புயல் எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடுச்சு."

"நீங்க அப்ப ஊர்ல இருந்தீங்களா?"

"இல்ல. தூர்வாருற கப்பல்ல மூணு வருஷம் வேலை. திரும்பி வந்தப்ப தரை துடைச்சு வெச்ச மாதிரி கிடந்துச்சு."

"வெள்ளம் சாலைக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சுன்னு பதிவு இருக்கு. கிழக்கால ஒரு பூஜாடிகூட உருளல. மேற்கால மட்டும் பொறுக்கி எடுத்துட்டுப் போன புயலா அது?"

நிறுவனத்தார் அமர்ந்திருந்த வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"புயலுக்கு நான் வக்கீல் இல்ல தம்பி. எம் பொண்டாட்டி அங்கதான் இருக்கா."

"எங்கன்னு வரைபடத்துல காட்டுங்க."

மூப்பரின் விரல் படத்தின் மேல் சென்று நின்றது. கீழே இறங்கவில்லை. மன்றத் தலைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

எர்னஸ்டீன் எழுந்தார்.

"உங்க பேரு பட்டியல்ல இல்லையே அம்மா" என்றார் தலைவி.

"தெரியும். ரெண்டு நிமிஷம் குடுங்க. மூப்பர் பொய் சொல்லல. அவருக்கு யாரும் உண்மையைச் சொல்லல, அவ்வளவுதான். புயலுக்கு முந்தின வருஷமே நான் எல்லாத்தையும் அள்ளிட்டேன்."

அவர் பேசியதன் சுருக்கம் இது. பதினைந்து வயதில் ஊரை விட்டுச் சென்று, பிலடெல்பியாவில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர் அவர். கல் நட்ட குடும்பத்துப் பெண். உடைந்த பாத்திரங்களைக் கண்டு கூசினார். இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று வண்டி நிறைய அள்ளி மாவட்டக் குப்பைக் கிடங்கில் கொட்டினார். மறு ஆண்டு புயல் வந்தது. ஊரார் புயலைத் திட்டினார்கள். அவர் வாய் திறக்கவில்லை. உடன் உழைத்த இருவரும் பின்னர் இறந்துவிட்டனர்.

வழக்கறிஞர் புன்னகைத்தார். "ஆக, அது குப்பைன்னு நீங்களே முடிவு பண்ணீங்க."

"பண்ணேன்."

"இன்னைக்கு மட்டும் எப்படிக் கல்லறை ஆச்சு?"

"அன்னைக்கே ஆச்சு. குப்பை வரிசையா கிடக்காது சார். ஆறடிக்கு ஒண்ணா, எல்லாம் குழியோட மேற்கு நுனியில, தலைமாட்டுல இருந்துச்சு. மூணாவது வரிசையில எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் குனிஞ்சு அள்ளினேன். மொத்தம் ஒம்போது வரிசை."

மன்றம் இயந்திரங்களை முப்பது நாள்கள் நிறுத்தி, நிலத்தைச் சோதிக்க உத்தரவிட்டது.

வெளியே எர்னஸ்டீன் காரின் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க மூப்பரே, வீட்டுல விட்டுடறேன்."

"இருபது வருஷமா காத்தைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ சபையில முன்வரிசையில உக்காந்து ஆமென் சொன்ன" என்றார் மூப்பர். வெயிலில் நடந்தே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வேறு தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். எர்னஸ்டீனும் அவருக்கே கை தூக்கினார்.

திங்கட்கிழமை காலை எர்னஸ்டீன் மேற்குத் துண்டுக்குச் சென்றபோது, மூப்பர் நீண்ட இரும்புக் கம்பியோடும் ஒரு கட்டு அடையாளக் கொடிகளோடும் நின்றிருந்தார். கல்லறைக் குழியின் மண் என்றும் முழுவதுமாக இறுகுவதில்லை. கம்பி இறங்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

"கூஜா எங்க இருந்துச்சு?"

"ஞாபகம் இல்ல மூப்பரே. கூஜாக்கள் நிறைய இருந்துச்சு."

மூப்பர் கம்பியைக் கைமாற்றிப் பிடித்தார். "முதல்ல எங்க குனிஞ்ச?"

எர்னஸ்டீன் சாலையோரத்திலிருந்து அடிகளை எண்ணி நடந்து, ஓரிடத்தில் நின்றார்.

"நகராத" என்று சொல்லி, அவருடைய காலடியில் மூப்பர் கம்பியை ஊன்றினார். அது அழுத்தமின்றி இறங்கிற்று.

"ஒண்ணு" என்றார் மூப்பர். "அடுத்தது எங்க? நட."